வேலை பழக விடுமுன்

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களில், பிள்ளைக்குப் பதினாறு பதினேழு வயதானதும் எழும் பேச்சு ஒன்று உண்டு. “பொடியனை எங்கையாவது வேலை பழக விடவேணும்.” சாதாரண தரப் பரீட்சை முடிந்திருக்கும், சிலவேளை படிப்பு பாதியில் நின்றிருக்கும். தோட்டம் கையில் இருந்தால் அவன் தகப்பனோடு இறைப்புக்குப் போயிருப்பான். அது இல்லாதபடியால் கராச், தச்சுப் பட்டறை, தையற்கடை, கட்டட வேலை, பலசரக்குக் கடை என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைக்கிறோம். இடம் கிடைத்ததும், “நாளுக்கு என்ன தருவினம்?” என்று கேட்கிறோம். பல வீடுகளில் கேட்கப்படும் ஒரே கேள்வி அதுதான்.

அந்தக் கேள்வியைக் குறைகூற நான் வரவில்லை. இரவற் காணியில் கொட்டில் போட்டு, கூலிக்குப் போய்ச் சீவிக்கும் குடும்பத்துக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் சிறு தொகையும் பெரிதுதான். ஆனால் வேலை பழகும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒருவன் என்ன கற்கிறான் என்பதைப் பொறுத்தே அவனுடைய பின்வாழ்வு அமைகிறது. முழு வேலையையும் கற்றவன் பின்னர் எங்கே போனாலும் தன் காலில் நிற்கிறான். எடுத்துக் கொடுப்பதையும் துடைத்து வைப்பதையும் மட்டும் கற்றவன் நாற்பது வயதிலும் இன்னொருவருக்குக் கையாளாக நிற்கிறான். முதல் நாளில் இருவருக்கும் கிடைத்த சம்பளம் ஒன்றாகவே இருந்திருக்கலாம். இந்த வேறுபாடு எங்கே உண்டாகிறது என்பதை எங்கள் அனலைதீவு அனுபவத்தையும், மானிப்பாயில் நடந்த ஒரு பழைய முயற்சியையும் வைத்துப் பார்ப்போம்.

தோட்டத்தில் பழகியது

அனலைதீவு சிறிய தீவு. ஊர்காவற்றுறையிலிருந்து கடல் வழியாகத்தான் போகவேண்டும். கடற்றொழில் செய்தவர்கள் ஒருபுறமிருக்க, மற்றவர்கள் புகையிலையும் மரக்கறியும் வைத்து, பனையையும் நம்பி வாழ்ந்தார்கள். அங்கே பிள்ளைகளுக்குக் கமம் படிப்பித்தவர் என்று எவரும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை, நட்ட கன்றை வெயில் படாமல் மூடுவதற்கு ஓலைத் துண்டு பொறுக்கிக் கொடுக்கும். எட்டு வயதில் பாத்திக்குத் தண்ணீர் கட்டும். வளர்ந்தபின் துலா மிதிக்கும், பக்கத் துளிர்களைக் கிள்ளும். நுனிக் குருத்தை எப்போது முறிப்பது, இலை முற்றியதை எப்படி அறிவது, புகை போடும் குடிலில் பொச்சும் ஊமலும் எவ்வளவு இடுவது என்பவை கடைசியாகத்தான் கைக்கு வரும். அந்த இடத்தில் பிழை விட்டால் ஒரு வருட உழைப்புப் போய்விடும் அல்லவா?

இந்த முறையில் நாம் அப்போது கவனிக்காத சிறப்பு ஒன்று இருந்தது. சின்ன வேலை செய்த பிள்ளையும் முழு வேலையையும் கண்ணால் கண்டுகொண்டே வளர்ந்தது. நாற்று மேடை முதல், வியாபாரி வந்து சிப்பத்தைத் தூக்கிப் பார்த்து விலை பேசும் வரை எல்லாம் அதன் கண்முன்னே நடந்தன. தகப்பன் ஏன் அந்த விலைக்கு ஒத்துக்கொண்டார், ஏன் மறு வியாபாரிக்காகக் காத்திருந்தார் என்பதும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்தது. தகப்பனுக்குக் காய்ச்சல் வந்து பாயில் படுத்துவிட்டால் பதினைந்து வயதுப் பிள்ளை இறைப்பை நடத்தியது. ஒருவரும் அதை ஒரு பரீட்சை என்று நினைக்கவில்லை.

1990இலும் 1991இலும் தீவுப் பகுதியிலிருந்து குடும்பங்கள் வெளியேறின. 1990இல் வலிகாமம் வடக்கு வெறுமையானது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நகர்ந்தது. நிலத்தோடு, பிள்ளைகளுக்கு வேலை பழக்கிய இடமும் போயிற்று. அகதி முகாமிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் வளர்ந்த பிள்ளை, தகப்பன் வேலை செய்வதைக் காணாமலே வளர்ந்தது. நிவாரண வரிசையில் அவர் நிற்பதைத்தான் கண்டது.

கடைக்குப் போனவர்கள்

தீவுப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக இன்னொரு வழியும் இருந்தது. ஊரவர் ஒருவர் கொழும்பிலோ கண்டியிலோ காலியிலோ கடை வைத்திருப்பார். அவர் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது சொந்தத்தில் ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு போவார். முதல் வருடம் கடை கூட்டுவது, தேநீர் வைப்பது, சரை சுற்றுவது. இரவில் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. பிறகு தராசு கைக்கு வரும். பிறகு சிங்களம் வாயில் வரும். நல்ல முதலாளியாயிருந்தால், சில வருடங்களில் புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கக் கூட்டிப்போவார்; கணக்குக் கொப்பியை எழுதச் சொல்வார்; தான் ஊருக்குப் போகும்போது காசு மேசையில் அவனை இருத்திவிட்டுப் போவார். அப்படிப் பழகியவன் பின்னர் பங்குக்காரனானான், அல்லது தனிக்கடை போட்டான்.

எல்லா முதலாளிகளும் அப்படியல்ல. பதினைந்து வருடம் நின்றும் கணக்குக் கொப்பியைத் தொடாதவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு எந்தச் சாமான் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பது மனப்பாடம். அது எங்கே, யாரிடம், என்ன தவணைக்கு, என்ன விலைக்கு வாங்கப்படுகிறது என்பது மட்டும் தெரியாது. வாங்கும் பக்கம் தெரியாதவனுக்குக் கடை வைக்க முடியாது என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். சம்பளமும் அவரிடமே நின்றது. கேட்கக் கூச்சம், சொந்தக்காரர் அல்லவா! உறவினரிடம் பிள்ளையை விடும்போது “கணக்குப் பேசுவது மரியாதையில்லை” என்று நாம் விட்டுவிடும் பழக்கம் இன்றும் போகவில்லை. என் அபிப்பிராயத்தில், அந்நியரிடம் விடும்போது பேசுவதைவிட உறவினரிடம் விடும்போது இன்னும் தெளிவாகப் பேசவேண்டும்.

1958இலும் 1977இலும் 1983 யூலையிலும் தென்னிலங்கையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. ஒரே இரவில் எல்லாம் சாம்பலாகிக் கப்பலில் வந்திறங்கியவர்களில் சிலர், சில மாதங்களில் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ சிறு கடையொன்றைத் திறந்துவிட்டார்கள். பாரிஸ் லா சப்பலிலும் ரொறொன்ரோவிலும் கடை வைத்தவர்களுள்ளும் இத்தகையோர் உண்டு. மற்றவர்கள் மறுபடியும் இன்னொருவருடைய கடைக்குச் சிப்பந்தியாகப் போனார்கள். சாமான் இருவருக்கும் எரிந்தது. முன்னவர்களுக்குக் கொள்வனவும் கணக்கும் தெரிந்திருந்தன.

மானிப்பாயில் ஒரு வைத்தியர்

இனி, வேலை பழக்குவதை நன்றாகச் சிந்தித்துச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கி, உள்ளூர் இளைஞரைச் சேர்த்து வைத்தியம் பழக்கினார். அக்காலத்தில் இலங்கையில் வைத்தியக் கல்லூரி கிடையாது. கொழும்பில் அது தொடங்கியது 1870இல்தான். மானிப்பாய் இளைஞர்கள் பாடத்தையும் படித்தார்கள், வைத்தியசாலையில் நோயாளிகளிடையேயும் வேலை செய்தார்கள். கிறீன் யாழ்ப்பாணத்தில் பழக்கியெடுத்தவர்கள் அறுபது பேருக்கு மேல்.

அவருடைய வேலையில் இரண்டு விடயங்கள் நமக்கு முக்கியமானவை. அவர் 1857இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா சென்று, 1862இல்தான் திரும்பினார். அந்த ஐந்து ஆண்டுகளும் வைத்தியப் பணியை நடத்தியவர்கள் அவர் பழக்கிய தமிழ் இளைஞர்கள். குரு கடலுக்கு அப்பால். கடிதம் போய் வர மாதக்கணக்காகும். நோயாளியோ வாசலில் நிற்கிறார். அவர்களுக்கு மருந்துப் போத்தலை எடுத்துக் கொடுக்க மட்டும் பழக்கியிருந்தால் கதவைப் பூட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது விடயம் மொழி. முதலில் கிறீன் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் பழகியவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிக் கிராமத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்பதைக் கண்டார். திரும்பி வந்தபின் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் வைத்திய நூல்கள் இல்லாதபடியால் அவற்றை உண்டாக்கவேண்டியிருந்தது. ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875இலும் வெளிவந்தன. இந்த மொழிபெயர்ப்புகளில் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உழைத்தார்கள். பழக வந்தவன் பழக்கும் நூலையே எழுதுகிறான்! கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார், 1884இல் காலமானார். அவர் போனபின்னும் மானிப்பாயில் வேலை நிற்கவில்லை.

வேலை பழகும் இடம் பிள்ளையை எந்தத் திசைக்கு அனுப்புகிறது என்பதை இதிலிருந்து நாமும் யோசிக்கலாம். தூர நகரத்துப் பெரிய கொம்பனி ஒன்றில் ஒரே ஒரு மெசினைப் பழகியவனுக்கு, அந்த மெசின் இல்லாத ஊரில் வேலை இல்லை. அது பிழை என்று சொல்லவில்லை. எங்கே வாழ எண்ணுகிறோமோ அங்கே பயன்படும் வேலையா என்று முன்கூட்டியே கேட்கவேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஆடைத் தொழிற்சாலையில் ஒரு பிள்ளை மூன்று வருடமாகச் சட்டைக் கை மட்டும் தைத்துக்கொண்டிருக்கலாம். சம்பளம் ஒழுங்காக வரும். தையற்கடையில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அங்கே அளவெடுக்கவும் துணி வெட்டவும் விடுகிறார்களா என்று பாருங்கள். தையலில் உயிர்நிலை வெட்டுதல்தான். தைக்க மட்டும் தெரிந்தவள் வீட்டில் மெசின் போட்டாலும் வெட்டுவதற்கு ஆள் தேடவேண்டும்.

நான் பழகிய கராச்

நானும் ஒரு காலத்தில் பழகப்போனவன்தான். இடம்பெயர்ந்து வந்தபின், 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்தில் இறைப்பு மெசின் திருத்தும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மெசினுக்குத் துளி பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். ஒரு ரிங் தேய்ந்தால் புதிது வாங்க வழியில்லாதபடியால், உடைந்த இன்னொரு மெசினிலிருந்து பொருத்தமானதைத் தேடி எடுப்போம்.

முதல் ஆறு மாதமும் எனக்குத் தந்த வேலை பாகங்களைக் கழுவி வைப்பது. எனக்குப் பெரும் எரிச்சல். ஆனால் நூறு பிஸ்டனைக் கழுவியவனுக்குத் தேய்ந்தது எது, தேயாதது எது என்று விரல் சொல்லிவிடும். அதை நான் பின்னாளில்தான் உணர்ந்தேன். ஆகவே பிள்ளை வந்து “என்னைக் கூட்டத்தான் விடுகினம்” என்று முறையிட்டால் உடனே நிற்பாட்டிவிடாதீர்கள். அடுத்து என்ன வேலை தருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வருடம் கழிந்தும் அதே விளக்குமாறு என்றால் அப்போது யோசிக்கலாம்.

ஒருநாள் கேட்காமலே ஒரு ரிங்கை மாட்டப்போய் அதை உடைத்துவிட்டேன். அந்த நாளில் ஒரு ரிங் என்பது ஒரு தோட்டக்காரரின் ஒரு போக இறைப்பு. முதலாளி என்னை அடிப்பார் என்று நின்றேன். அவர் பழைய பெட்டியில் தேடி இன்னொன்றை எடுத்து என் கையில் தந்துவிட்டு, “மாட்டு, நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்” என்று போய்விட்டார். கை நடுங்க மாட்டினேன். மெசின் ஓடியது. அவர் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மெசினையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை போய் ஆறு மாதம் ஆனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருத்திக் கேளுங்கள்: “முதலாளி இல்லாத நாளில் நீ என்ன செய்கிறாய்?” “கடையைப் பூட்டிவிடுவார்” என்றால் அவன் இன்னும் பழகவில்லை. “வந்த வேலையை நான் எழுதி வைப்பேன்” என்றால் ஏதோ தொடங்கியிருக்கிறது. “சின்னத் திருத்தம் நானே செய்து காசு வாங்கி வைப்பேன்” என்றால், நாளுக்கு நூறு ரூபா குறைந்தாலும் அந்த இடத்தை விடாதீர்கள்.

எழுத்தில் இருக்கவேண்டியவை

வயதைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயதில் கடைக்குப் போன காலம் போய்விட்டது. இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களுக்கு 18. அதற்குமுன் பிள்ளை பாடசாலையில் இருக்கவேண்டும்.

பயிலுனர்களை முறையாகச் சேர்ப்பதற்கு 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. இன்று அப்பொறுப்பு தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிடம் உள்ளது; பலரும் ‘நைற்றா’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இதன் மூலம் சேர்ந்தால், ஒரு தொழிலகத்தில் வேலை செய்துகொண்டே பழகலாம். காலமும் நிபந்தனைகளும் எழுத்தில் இருக்கும். தனியார் பட்டறையில் விடுவதானாலும் ஒரு தாளிலாவது எத்தனை வருடம், என்னென்ன வேலை பழக்குவது, கொடுப்பனவு எவ்வளவு, கையில் அடிபட்டால் செலவு யாருடையது என்று எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது. அந்தக் கடைசி விடயத்தை மறக்கவேண்டாம். பழகுபவனின் விரல்தான் முதலில் போகிறது.

தேசிய தொழில் தகைமை என்ற சான்றிதழில் ஏழு மட்டங்கள் உள்ளன. நான்காம் மட்டம் வரை தொழிற் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். பாடநெறி எதற்கும் போகாமல் வேலைத்தலத்திலேயே பழகியவரும், தன் கைத்திறனைச் செய்து காட்டி இந்தச் சான்றிதழைப் பெற வழியுண்டு. இருபது வருடமாக மேசன் வேலை செய்தும் கையில் ஒரு துண்டுத் தாள் இல்லாத தகப்பன்மாரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலே பலர் இருக்கிறார்கள். விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும் வன்னியில் இருப்பவர்கள் விசாரித்துப் பார்க்கவேண்டும்.

“பல்கலைக்கழகம் போகாதவன்தான் வேலை பழகுவான்” என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சுவிற்சர்லாந்தில் நம்மவர் பலர் வாழ்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். அங்கே கட்டாயப் படிப்பு முடிந்ததும் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் ‘லேர’ எனப்படும் தொழில் பயிற்சிக்கே போகிறார்கள். மூன்று அல்லது நான்கு வருடம். கிழமையில் ஒன்று இரண்டு நாள் பாடசாலை, மிகுதி நாள் வேலைத்தலம். வங்கிக்கும் அப்படித்தான், தச்சுக்கும் அப்படித்தான். ஒப்பந்தம் எழுதுமுன் பிள்ளை சில நாள் அந்த இடத்தில் நின்று பார்ப்பதும் வழக்கம். அதற்கு அவர்கள் சொல்லும் பெயரின் கருத்து ‘மணந்து பார்க்கும் பயிற்சி’. இதற்குக் காசும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். “ஒரு கிழமை வந்து நிற்கட்டும், பிடித்தால் பேசுவோம்” என்று நாமும் கேட்கலாம்.

ஊர்க் கிணறு

கடைசியாக ஒன்று. பிள்ளை எந்தத் தொழிலைப் பழகினாலும், தோட்டத்தையும் யாரிடமாவது கொஞ்சம் பழகட்டும். நிலம் திரும்பக் கிடைத்த குடும்பங்கள் உண்டு. இன்னும் காத்திருப்போரும் உண்டு. நிலம் கிடைக்கும் நாளில் மண்வெட்டி பிடிக்கப்போகிறவன், அங்கே ஒருநாளும் வேலை செய்யாதவன்.

வன்னியில் குளத்து நீரில் நெல் விதைக்கப் பழகியவனுக்கு எங்கள் தீவுக் கிணறு தெரியாது. தீவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மறுபுறமாகப் பார்த்தால், மேலே ஓர் அடி குறையும்போது கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறப் பார்க்கிறது. துலாவால் அவ்வளவு இறைக்க முடியாது. மனிதக் கால் களைத்துவிடும். மெசின் களைக்காது. ஒரு கோடையில் அளவில்லாமல் இறைத்தால் கிணறு உவராகி, அடுத்த மாரிகள் பல பெய்தாலும் மாறாமல் போகலாம். நான் மெசின் திருத்தியவன். இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

எந்தக் கிணறு எவ்வளவு தாங்கும், எத்தனை மணிக்கு நிறுத்தி ஊறவிடவேண்டும், சோளகம் எழுந்தபின் எந்தப் பக்கத்துக் கிணறு முதலில் உவர்க்கும் என்பவை புத்தகத்தில் இல்லை. ஊரில் துலா மிதித்த பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களில் சிலர் அனலைதீவிலேயே இருக்கிறார்கள், சிலர் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்கு ஊருக்கு வள்ளமேறும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புவைக் கிணற்றடிக்குக் கூட்டிச்சென்று, பட்டையில் ஒரு வாய் தண்ணீர் அள்ளிக் குடிக்கச் செய்து, அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்: எந்த மாதம், எத்தனை மணி, எந்தப் பக்கம்.